மஞ்சள் நிறமும் மனிதனின் வயதும்

அரபு மொழியில் 'யரகான்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. வளர்ந்து நிற்கும் பயிர் மஞ்சள் பூத்து வாடிப்போகும் நோயையும் அது குறிக்கும். மனிதனின் கண்ணும் தோலும் மஞ்சளித்துப் போகும் நோயையும் அது குறிக்கும். யூனானி மருத்துவம் பயின்ற ஹகீம்கள் இன்றும் அச்சொல்லையே ஆளுகின்றனர். கிரேக்கர் இந்நோயை 'இக்டெரோஸ்' என்றழைத்தனர். அதே பெயர் கொண்ட மஞ்சள் நிறப் பறவையொன்றை நோயாளி உற்று நோக்கினால் நோய் அவனை விட்டு நீங்கும் என்றும், பறவை மாண்டுபோகும் என்றும் அக்காலத்தில் நிலவிய நம்பிக்கையை ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்துள்ளார். தமிழில் நாம் 'காமாலை' என்கிறோம். அதுவும் போதாதென்று 'மஞ்சள்' என்னும் அடைமொழியை முன்னே சேர்த்துக்கொள்கிறோம். பயிர், பறவை, மஞ்சள் என எம்மொழியை எடுத்துக்கொண்டாலும் பெயர் நிறத்திலிருந்தே பிறந்திருக்கிறது.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம்மவர் பழமொழி. ஆனால் காமாலை கண்டவர் கண்ணுக்கு உலகம் பெரும்பாலும் உள்ளபடியேதான் தெரிகிறது. கண்டதெல்லாம் மஞ்சள் என்று மயங்கியவர்கள் அவரைப் பார்த்த மருத்துவர்களே. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரே நிறத்துக்குள் ஒளிந்திருந்த பல நோய்களை அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. அவற்றுள் ஒன்றான 'ஹெபடைடிஸ் ஏ' எனப்படும் கல்லீரல் அழற்சியின் வரலாற்றையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம். அந்நோய் ஏன் குழந்தைகளை விட்டுவிட்டு வயது வந்தோரைப் படுக்கையில் கிடத்துகிறது என்ற வினா அவ்வரலாற்றின் நடுவே நிற்கிறது. அவ்வினாவுக்கு விடை கிடைத்தபோதுதான் வேறொரு நோய் வெளிப்பட்டது என்பதையும் காண்போம்.

முதலில் இன்று அறியப்பட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஹெபடைடிஸ் ஏ ஒரு நச்சுயிரியால், அதாவது வைரஸால், வருவது. நோயுற்றவரின் மலத்தில் வெளியேறும் அந்நச்சுயிரி, குடிநீர் வழியாகவும் உணவு வழியாகவும் கழுவாத கைகள் வழியாகவும் மற்றொருவர் வாயைச் சென்றடைகிறது. உட்புகுந்தபின் 15 முதல் 50 நாள்கள் வரை, சராசரியாக 28 நாள்கள், ஓசையின்றிக் கல்லீரலில் பெருகுகிறது. பிறகு காய்ச்சல், உடல்வலி, குமட்டல், உணவின்மீது வெறுப்பு ஆகியன தோன்றுகின்றன. புகைபிடிப்போருக்குப் புகையிலையின் மணமே ஆகாமற்போவதைப் பழைய மருத்துவர்கள் ஓர் அடையாளமாகவே கொண்டிருந்தனர். சில நாள்களில் சிறுநீர் கட்டன் தேநீர்போலக் கறுக்கிறது; மலம் வெளுக்கிறது; கண் மஞ்சளாகிறது. வேடிக்கை என்னவெனில், கண் மஞ்சளாவதற்கு முந்தைய ஓரிரு வாரங்களில்தான் நோயாளி மிகுதியாக நோயைப் பரப்புகிறார். மஞ்சளைக் கண்டு வீட்டார் எச்சரிக்கையாகும்போது, பரவ வேண்டியது பெரும்பாலும் பரவி முடிந்திருக்கும்.

இனி வயது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு இந்நச்சுயிரி புகுந்ததே தெரிவதில்லை. பத்தில் ஒருவருக்குக்கூட மஞ்சள் தோன்றுவதில்லை. வயது வந்தோரிலோ பத்தில் ஏழு பேருக்கு மேல் காமாலை வெளிப்படுகிறது. பல வாரங்கள் உழைக்க இயலாத சோர்வு வருகிறது. பத்தில் ஒருவருக்கு நோய் தணிந்ததுபோல் தோன்றி மீண்டும் தலைதூக்குவதும் உண்டு. இறப்பு மிக அரிதே. எனினும் ஐம்பது வயதைக் கடந்தோரில் நோய் வெளிப்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் மாள்கின்றனர். குணமடைந்தவருக்கோ, நோய் தெரியாமலே கடந்துவந்த குழந்தைக்கோ, வாழ்நாள் முழுமைக்கும் பாதுகாப்பு அமைந்துவிடுகிறது. இந்நோய் நாட்பட்ட நோயாக உடலில் தங்குவதுமில்லை. அதை முறிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஓய்வும் நீரும் உணவும் கல்லீரலைத் துன்புறுத்தும் மருந்துகளைத் தவிர்த்தலுமே மருத்துவம்.

பண்டைய மருத்துவர்கள் இதில் எவ்வளவு தூரம் கண்டனர்? இப்னு ஸீனா (கி.பி. 980-1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் ஐந்து பாகங்களுள் மூன்றாம் பாகத்தில், தலை முதல் கால் வரையுள்ள உறுப்புகளின் நோய்களை வரிசையாக ஆராய்கிறார். அவ்வரிசையில் கல்லீரலும் யரகானும் இடம்பெறுகின்றன. யரகான் மஞ்சள் என்றும் கறுப்பு என்றும் இரு வகைப்படும். முன்னது மஞ்சள் பித்தத்தாலும் பின்னது மண்ணீரலோடு தொடர்புடைய கரும்பித்தத்தாலும் வருவன என்பது கிரேக்க மருத்துவர் காலனின் வழிவந்த கோட்பாடு. பித்தம் குடலுக்குச் செல்லும் பாதை அடைபட்டால் மலம் நிறமிழக்கும். போக வழியற்ற பித்தம் இரத்தத்தில் கலந்து தோலை மஞ்சளாக்கும் என்று அம்மரபு விளக்கியது. பித்தநாளத்தில் கல் அடைத்துக்கொண்டவரைப் பொறுத்தவரை இவ்விளக்கம் இன்றும் பிழையற்றது. தொற்றால் வரும் காமாலைக்கு மட்டுமே அது பொருந்தவில்லை.

நம்மவர்களுள் சிலர், இன்றைய அறிவியல் கண்டறிந்த அனைத்தையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று எழுதிவிடுகின்றனர். அது முன்னோருக்குப் பெருமை சேர்ப்பதாகாது. இப்னு ஸீனாவுக்கு நச்சுயிரி தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆனால் அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்து, உயிரணு நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோவும் 1865இல் அதே அடைப்பைத்தான் காரணமாகக் காட்டினார் என்பதை மறந்துவிடலாகாது. பித்தநாளத்தின் வாயில் சளி போன்றதொரு அடைப்பு இருந்ததைப் பிணப்பரிசோதனையில் கண்ட அவர், சளிக்காமாலை என்னும் கருத்துக்கு வலுவூட்டினார். நுண்ணோக்கி கையிலிருந்தும் கருத்து கானூனின் வட்டத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் உலகப் போர்வரை மருத்துவ நூல்களில் அப்பெயரே நிலைத்திருந்தது.

கானூனைவிட நம் பொருளுக்கு நெருங்கிய வழிகாட்டி ஒன்றை அபூபக்கர் அர்ராஸியிடம் (இறப்பு ஹிஜ்ரி 313, கி.பி. 925) காண்கிறோம். அவர் காமாலையை வைத்து அதைச் சொல்லவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றிய 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் சிறுநூலில் சொல்கிறார். வெளித்தோற்றத்தில் ஒத்திருந்த இரு நோய்களைக் காய்ச்சலின் போக்கு, முதுகுவலி, மனக்கலக்கம் ஆகிய குறிகளைக் கொண்டு அவர் பிரித்துக்காட்டினார். பெரியம்மை ஏன் குழந்தைகளுக்கே மிகுதியாக வருகிறது என்ற வினாவையும் எழுப்பினார். குழந்தையின் இரத்தம் புளிக்காத திராட்சைச் சாறு போன்றது, இளைஞனின் இரத்தம் புளித்துக் கொதித்து அடங்கியது போன்றது என்பது அவரது விடை. விடை இன்று செல்லாது. ஆனால் நோயாளியின் வயதே நோயின் இயல்பை உணர்த்தும் ஒரு சான்று எனக் கொண்டு வினவிய முறை செல்லாததாகிவிடவில்லை. அவ்வினாவைக் காமாலையிடம் எவரும் கேட்காததுதான் பின்னர் நேர்ந்த குழப்பங்களுக்கெல்லாம் வேராயிற்று.

நீரைப் பற்றி அவர்கள் எழுதியவையும் குறிப்பிடத்தக்கவை. பஅல்பக்கில் பிறந்த கிறிஸ்தவரான குஸ்தா இப்னு லூக்கா, ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசின் உயரதிகாரியான ஹஸன் இப்னு மக்லத் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, அவருடைய பயணத்துக்கெனவே ஒரு மருத்துவ நூல் எழுதிக்கொடுத்தார். ஹாஜிக்கு ஒரு கிறிஸ்தவ மருத்துவர் வழித்துணை நூல் எழுதிய அக்காலத்தை நினைத்துப் பார்க்க மனம் நிறைகிறது. வழியில் கிடைக்கும் பல்வேறு நீர்களின் தன்மையையும், கெட்ட நீரைச் செம்மைப்படுத்தும் முறைகளையும், நரம்புச் சிலந்தி நோயையும் அந்நூல் தனித்தனியே பேசுகிறது. இப்னு ஸீனாவும் நீரைக் காய்ச்சுதல், வடித்தல் ஆகியவற்றை எடுத்துரைக்கிறார். காரணம் அறியாமலே கண்ட பலன் அது. ஹெபடைடிஸ் ஏ நச்சுயிரி நீரில் பல மாதங்கள் உயிர்ப்புடன் கிடக்க வல்லது. எனினும் 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நிமிடத்தில் செயலிழந்துவிடும்.

காமாலை தொற்றக்கூடியது என்ற எண்ணம் மருத்துவமனைகளைவிடப் போர்க்களங்களில்தான் வலுப்பெற்றது. ஐரோப்பியப் படைகளில் 'சிப்பாய்க் காமாலை' என்றும் 'பாசறைக் காமாலை' என்றும் அதற்குப் பெயர் வழங்கியது. 1861-65இல் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலப் படையில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் காமாலையால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுக்கப்பட்டது. 1912இல் ஆங்கிலேய மருத்துவர் காக்கெயின், ஆங்காங்கே ஒருவருக்கு வரும் சளிக்காமாலையும் கூட்டமாகப் பரவும் காமாலையும் ஒரே நோய்தான் என்று வாதிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் எகிப்து, பாலஸ்தீன், சிரியா ஆகிய நாடுகளில் முகாமிட்ட பிரிட்டானியப் படைகளிடையே நோய் பெரிதாகப் பரவியது. 1942 இலையுதிர் காலத்தில் எல் அலமைனில், எதிரிகள் மலத்தால் மாசுபடுத்திவிட்டுச் சென்ற நிலைகளைக் கைப்பற்றி அங்கே தங்கிய நியூசிலாந்துப் படையினர் திரள்திரளாக நோயுற்றனர். படை மருத்துவர்களை வியக்கவைத்த செய்தி வேறொன்று. சிப்பாய்களைவிட அதிகாரிகளிடையே நோயின் வீதம் கூடுதலாக இருந்தது. இந்தியத் துருப்புகளிடையே அது குறைவாக இருந்தது. நல்ல உணவும் தனிக் கூடாரமும் பெற்றவர்களே ஏன் மிகுதியாக விழுந்தனர்? செல்வமும் தூய்மையும் உள்ள வீடுகளில் வளர்ந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் அந்நச்சுயிரியைச் சந்தித்திருக்கவில்லை என்பதே இன்று நாம் தரக்கூடிய விடை. ஏழைச் சிப்பாய் தன் தெருக்கிணற்றிலிருந்தே தன் காப்பைப் பெற்றுக்கொண்டு வந்திருந்தான். அன்று அக்குறிப்பு பதிவேடுகளில் உறங்கிவிட்டது.

ஊசி வழியாக வரும் காமாலை வேறொரு பாதையில் வெளிப்பட்டது. 1883இல் ஜெர்மனியின் பிரெமன் நகரக் கப்பல் கட்டும் தளத்தில், மனித நிணநீரிலிருந்து எடுத்த அம்மைப்பால் 1,289 தொழிலாளர்க்குக் குத்தப்பட்டது. அவர்களுள் 191 பேருக்குப் பின்னர் காமாலை வந்தது. 1942இல், மனிதக் குருதிநீர் கலந்து செய்யப்பட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியால் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர் காமாலைக்கு ஆளாயினர். வாய்வழிக் காமாலை ஒன்று, குருதிவழிக் காமாலை மற்றொன்று என்று தெளிந்து, 1947இல் பிரிட்டானிய அறிஞர் மெக்கலம் முன்னதற்கு 'ஏ' என்றும் பின்னதற்கு 'பி' என்றும் பெயரிட்டார்.

பெயரிட்டாயிற்று, நச்சுயிரியைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஆய்வுக்கூட விலங்குகள் இந்நோய்க்கு உட்படாததால் மனிதர்களையே சோதனைக்கு உட்படுத்தினர். 1944இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கோடை முகாமொன்றில் கிணற்று நீரால் காமாலை பரவியது. அந்நீரையும் நோயாளிகளின் மலத்தையும் தன்னார்வலர்க்கு உட்கொள்ளக் கொடுத்து, நீர்வழித் தொற்றை ஸ்டோக்ஸும் நீஃபும் மெய்ப்பித்தனர். மனிதக் குருதியிலிருந்து பிரித்தெடுக்கும் காமா குளோபுலின் நோயைத் தடுக்கும் என்பதும் அவர்களது ஆய்வில் வெளிப்பட்டது.

அதன்பின் நடந்ததை வேதனையோடுதான் எழுத வேண்டியுள்ளது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான வில்லோபுரூக் அரசு இல்லம் இருந்தது. அங்கே 1956 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் டாக்டர் சால் குரூக்மன் காமாலை ஆய்வு நடத்தினார். புதிதாகச் சேர்ந்த குழந்தைகளுக்கு நோய்க்கிருமி வேண்டுமென்றே புகுத்தப்பட்டது. இல்லத்தில் அந்நோய் ஏற்கெனவே பரவியுள்ளது, எப்படியும் அவர்களுக்கு அது வந்தே தீரும், பெற்றோரும் ஒப்புதல் தந்துள்ளனர் என்பது அவர் தரப்பு வாதம். நெரிசல் மிகுந்த அவ்வில்லத்தில் இடம் கிடைக்காதா என்று ஏங்கிய பெற்றோரின் ஒப்புதல் எத்தகையது என்பதை வாசகர் சிந்திக்கலாம். 1966இல் ஹென்றி பீச்சர் என்னும் மருத்துவ அறிஞர், நெறிபிறழ்ந்த ஆய்வுகளின் பட்டியலில் இதனையும் சேர்த்தார். இருந்தபோதிலும், 1967இல் வில்லோபுரூக்கிலிருந்து வெளிவந்த ஆய்வே இரு காமாலைகளும் வெவ்வேறானவை என்பதைத் தெள்ளத் தெளிய நிறுவியது. மருத்துவ உலகம் அப்பயனை ஏற்றுக்கொண்டது. அதன் விலையை அக்குழந்தைகள் செலுத்தினர்.

வில்லோபுரூக்கில் பிரித்தெடுத்த அதே கிருமி, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் சிறையில் கைதிகளான தன்னார்வலர்க்கு அளிக்கப்பட்டது. அவர்களுடைய மல மாதிரிகளிலிருந்துதான் 1973இல் ஃபைன்ஸ்டோன், காப்பிகியன், பர்செல் ஆகிய மூவரும் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் 27 நானோமீட்டர் அளவுள்ள துகள்களைக் கண்டனர். அவையே ஹெபடைடிஸ் ஏ நச்சுயிரி. அடுத்த சில ஆண்டுகளில் குருதியில் அதன் எதிர்ப்பொருள்களை அளக்கும் முறையும் வந்தது. 'ஐ.ஜி.எம்.' வகை எதிர்ப்பொருள் இருந்தால் இப்போதுதான் தொற்று நேர்ந்துள்ளது என்று பொருள், 'ஐ.ஜி.ஜி.' மட்டும் இருந்தால் என்றோ தொற்று வந்துபோய்விட்டது, அல்லது தடுப்பூசி போடப்பட்டுள்ளது என்று பொருள். நிறத்தின் பிடியிலிருந்து காமாலை விடுபட்டது இச்சோதனையால்தான்.

இச்சோதனை முதலில் கலைத்துப்போட்டது நம் நாட்டின் மாபெரும் காமாலை வரலாற்றையே. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லி மாநகரில் 29,300 பேர் காமாலையால் பாதிக்கப்பட்டனர். யமுனை நதி தன் போக்கை மாற்றிக்கொண்டதால், நஜஃப்கர் வாய்க்காலின் கழிவுநீர் பின்னோக்கி வந்து வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயில் கலந்தது. நீர் கெட்டிருப்பதை உணர்ந்த பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினர். அதனால் டைபாய்டும் பேதியும் பெருகவில்லை. காமாலை மட்டும் பல வாரங்கள் கழித்து நகரத்தின்மேல் விழுந்தது. நீரால் பரவிய ஹெபடைடிஸ் ஏ நோய்க்குச் சிறந்த சான்றாக உலக மருத்துவ நூல்கள் இந்நிகழ்வைக் கால் நூற்றாண்டு காலம் எடுத்துக்காட்டி வந்தன.

ஆயினும் அதில் இரு முரண்கள் இருந்தன. நோயுற்றோரில் குழந்தைகள் குறைவு, இளவயதினரே மிகுதி. கருவுற்ற பெண்களிடையே இறப்பு பெருகியிருந்தது. அக்காலத் தில்லியில் ஹெபடைடிஸ் ஏ தொற்றாமல் பத்து வயதைக் கடந்தவர் அரிது. வளர்ந்தவர்களெல்லாம் காப்புப் பெற்றவர்களாயிருக்க, அதே நச்சுயிரி அவர்களை எவ்வாறு வீழ்த்தியிருக்க முடியும்? அர்ராஸி கேட்ட வினாவின் சாயல் இது. இருபத்தைந்து ஆண்டுகள் அதைக் கேட்பார் இல்லை.

கேட்டவர் காஷ்மீரத்தின் முஹம்மது சுல்தான் குரூ. 1978 நவம்பரில் குல்மர்க்கைச் சூழ்ந்த சிற்றூர்களில் காமாலை பரவியபோது, அவர் ஸ்ரீநகரில் இளம் மருத்துவர். பனி மூடிய வழிகளில் ஊர் ஊராகச் சென்று, மக்கள் ஒரே நீர்நிலையைச் சார்ந்து வாழ்வதைக் கண்டறிந்தார். நோயுற்றோர் இளவயதினர், கருவுற்றுக் காமாலை கண்ட பெண்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் கல்லீரல் முற்றாகச் செயலிழந்தது. குருதியைச் சோதித்தபோது நோயாளிகளிடம் ஹெபடைடிஸ் ஏ நோயின் பழைய எதிர்ப்பொருள் இருந்தது, புதியது இல்லை. அவர்கள் குழந்தைப் பருவத்திலேயே 'ஏ'யைக் கடந்து வந்தவர்கள். இது வேறொரு நோய் என்ற தம் முடிவை அவர் 1980இல் வெளியிட்டார். பள்ளத்தாக்கில் அந்நோய் ஏறத்தாழ 52,000 பேரைத் தாக்கி 1,700 உயிர்களைக் கொண்டுபோனதென்பது பின்னர் அவர் கணித்த கணக்கு.

அதே 1980ஆம் ஆண்டில், புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் சீனிவாசன், குர்ஷித் பாவ்ரி முதலானோரும் அமெரிக்காவின் வாங், பர்செல் ஆகியோரும் இணைந்து, தில்லிக் கொள்ளைநோயின்போது எடுத்துச் சேமித்து வைத்திருந்த குருதிநீரைச் சோதித்து முடிவை வெளியிட்டனர். தில்லியிலும் பரவியது 'ஏ' அன்று! பாடநூல்களின் சான்று ஒரே நாளில் சரிந்தது.

அப்புதிய நச்சுயிரியைக் கண்டவர் சோவியத் அறிஞர் மிகாயில் பலயான். ஆப்கானிஸ்தானில் காமாலையுற்ற சோவியத் படைவீரர்களின் மலச்சாற்றைத் தாமே உட்கொண்டார். அவர் முன்பே ஹெபடைடிஸ் ஏ நோய்க்குக் காப்புப் பெற்றவர். ஆதலால் தமக்குக் காமாலை வந்தால் அது வேறொன்றாகவே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஐந்து வாரங்களில் நோய் வந்தது. அவருடைய மலத்தில் தென்பட்ட துகள்கள் பற்றிய செய்தி 1983இல் வெளியாயிற்று. இன்று அந்நோயை ஹெபடைடிஸ் ஈ என்கிறோம். வில்லோபுரூக்கின் குழந்தைகளையும் இம்மனிதரையும் ஒருசேர எண்ணிப் பார்க்கையில், துணிவு என்ற சொல்லை யாருக்கு வழங்குவது என்பதில் நமக்கு ஐயமில்லை.

தில்லியும் காஷ்மீரமும் 'ஈ'யின் கணக்குக்குப் போயின. வயது வந்தோரைத் தாக்கிய உண்மையான ஹெபடைடிஸ் ஏ கொள்ளைநோயை 1988இல் ஷாங்காய் நகரம் கண்டது. சில மாதங்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நோயுற்றனர். பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். கழிவுநீர் கலந்த கடற்கரைப் பகுதியில் எடுத்த சிப்பி வகையொன்றைக் கொதிநீரில் நனைத்தெடுத்த அளவிலேயே உண்ணும் வழக்கம் அந்நகரத்தாருக்கு இருந்தது. சிப்பி நாளெல்லாம் நீரை வடிகட்டி உண்ணும் உயிர். நீரிலுள்ள நச்சுயிரியைத் தன்னுள் திரட்டி வைத்துக்கொள்ளும். ஆனால் சிப்பி உண்ணும் வழக்கம் பழையது. புதியதாக இருந்தது காப்பற்ற ஒரு தலைமுறை. நகரம் தூய்மையடைந்ததால் அவ்விளைஞர்கள் குழந்தைப் பருவத்தில் நச்சுயிரியைச் சந்திக்காமலே வளர்ந்திருந்தனர். எல் அலமைன் அதிகாரிகளின் கதை ஒரு மாநகரத்தின் கதையாயிற்று.

அக்கதை இப்போது நம் அண்டை மாநிலத்தில் நடக்கிறது. 2024இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலும் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்கூரிலும் ஹெபடைடிஸ் ஏ பரவி உயிரிழப்பும் நேர்ந்தது. வேங்கூரில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கல்வியிலும் நலவாழ்விலும் முன்னணியில் நிற்கும் கேரளத்துக்கா இந்நிலை என்று கேட்போர் உளர். முன்னணியில் நிற்பதும் ஒரு காரணமே. வீடுதோறும் கழிப்பறை வந்தது. குழந்தைகள் தொற்றின்றி வளர்ந்தனர். ஆனால் நெருங்கிய குடியிருப்புகளில் கழிவறைத் தொட்டியும் குடிநீர்க் கிணறும் அருகருகே நிற்கின்றன. மழைக்காலத்தில் ஒன்றின் நீர் மற்றொன்றில் ஊறுகிறது. விருந்துகளில் காய்ச்சாத நீரில் குளிர்பானம் கலக்கப்படுகிறது. வீட்டுக்குள் தூய்மை முழுமை பெற்று, மண்ணுக்கடியில் பாதியில் நின்றுவிட்ட இந்த இடைக்காலத்தில், நோய் குழந்தையை விட்டு இருபது, முப்பது வயதினரைத் தேடிவருகிறது. குடும்பத்தை உழைத்துக் காப்பவர் ஒன்றிரண்டு மாதங்கள் படுத்துவிட்டால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செல்வ நாடுகளும் விலக்கு அல்ல. அமெரிக்காவின் சான் டியேகோ வட்டாரத்தில் 2016-18இல் 592 பேர் நோயுற்று 20 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வீடற்றுத் தெருவில் வாழ்ந்தவர்களும் போதைப்பழக்கத்துக்கு ஆட்பட்டவர்களுமான வயது வந்தோர். தெருவோரங்களில் கைகழுவும் தொட்டிகளை நிறுத்தியும் வீதிகளைக் கழுவியும் தடுப்பூசி போட்டும் அதை அடக்க நேர்ந்தது.

தடுப்பூசி பற்றியும் ஒரு சொல். 1979இல் புரோவோஸ்டும் ஹில்லமனும் நச்சுயிரியை ஆய்வுக்கூட உயிரணுக்களில் வளர்த்துக் காட்டியதே அதற்கு வழிதிறந்தது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் 1995இல் அமெரிக்காவிலும் தடுப்பூசி நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம், உள்நாட்டிலேயே உருவாக்கிய 'ஹாவிஷ்யூர்' என்னும் தடுப்பூசியை வெளியிட்டது. செயலிழந்த நச்சுயிரியைக் கொண்டு செய்யும் தடுப்பூசியை ஆறு மாத இடைவெளியில் இருமுறை போட வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டுவிட்டால், அவரோடு பழகியவர்கள் இரண்டு வாரங்களுக்குள் போட்டுக்கொண்டாலும் பயன் உண்டு.

பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "எனக்குத்தான் சின்ன வயதிலேயே காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்துச் சரியாகிவிட்டதே" என்கின்றனர். அன்று வந்தது 'ஏ'யா, 'பி'யா, 'ஈ'யா என்பதை அம்மஞ்சள் நிறம் அவர்களுக்குச் சொல்லியிருக்காது. காமாலையே கண்டிராத பலரின் உடலில் காப்பு இருப்பதும், காமாலை கண்ட சிலரிடம் 'ஏ'க்கான காப்பு இல்லாதிருப்பதும் இயல்பே. ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் சோதனை ஒன்று செய்தால் அது தெரிந்துவிடும். நாற்பதைக் கடந்த இந்தியர்க்கு ஊசிக்கு முன் அச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு மருத்துவர்கள் கூறுவதும் இதனால்தான்.